பச்சை நோட்டில் ஒரு ரயில்

குட்வில் எஸ்டேட்டிலிருந்து புரோத்ராபூர் வரை ராஜகுமாரி பள்ளியில் கொடுத்த டேப்லெட்டை, அந்த டேப்பை, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். துண்டில் சுற்றி, துண்டின் மேல் பிளாஸ்டிக் பை, பையின் மேல் இரண்டு கைகள். அபர்டீன் பஜாரில் பஸ் மாறியபோது கண்டக்டர், "ஆகே படோ, ஆகே படோ" என்று எல்லாரையும் உள்ளே நெருக்கினான்.

"அரே பையா, பச்சா ஹை" என்றாள் ராஜகுமாரி.

கண்டக்டர் அந்தத் துண்டைப் பார்த்தான். கைக்குழந்தை என்று நினைத்து ஒருவரை எழுப்பி இடம் போட்டுக் கொடுத்தான். பக்கத்தில் நின்ற சங்கவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"பொய்தானம்மா சொன்ன?"

"பச்சப் புள்ள மாதிரித்தானே தூக்கிட்டு வாரேன். பேசாம வா."

அது 2014 ஜூலை. குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்து, புதிதாக ஒரு சின்னப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி அங்கே போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி வீட்டிலேயே டேப்பில் பாடம். பாடம் நடத்துகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். போர்ட் பிளேரில் நெட் என்பது வந்தால் உண்டு. ஆகவே ஒரு வாரத்துப் பாடத்தை மெமரி கார்டில் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாடியைப் பார்த்துக்கொண்டவர் இராமகிருஷ்ணன் சார். அரசாங்க வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தீவுக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகவில்லை. "இருபது பிள்ளைங்களுக்கும் இருபது விதமான பாடம் வரும்" என்று சேர்க்கை நாளில் அவர் சொன்னதை ராஜகுமாரியால் நம்ப முடியவில்லை. ஒரே அடுப்பில் இருபது குழம்பா?

"சென்னையில இருக்கிறவங்களுக்கு எங்க புள்ள எப்பிடிப்பட்டவன்னு எப்பிடி சார் தெரியும்?"

"தெரியாது. நீங்கதான் சொல்லணும்" என்று அவர் ஒரு பச்சை நோட்டை நீட்டினார்.

வீட்டில் படிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு பக்கம். 'இன்று பிள்ளை படித்ததில் நீங்கள் கண்டது' என்று அச்சடித்து, அதன் கீழ் நான்கு வரிக்கு இடம். அதற்கும் கீழே மூன்று கட்டங்கள்: முடிந்தது, பாதி, முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இராமகிருஷ்ணன் சார் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார். அங்கே சித்ரா மிஸ் படித்துப் பார்த்து, அடுத்த வாரம் எந்தப் பிள்ளைக்கு என்ன என்று முடிவு செய்வார். பெற்றோர் எழுதாவிட்டால் பாடமே இல்லை.

ராஜகுமாரி அந்த நோட்டை வாங்கிய விதத்தில் ஒரு வேலை உத்தரவை வாங்குகிற மிடுக்கு இருந்தது. முப்பத்தாறு வயதில் அவளிடம் எவரும் எதையும் எழுதிக் கேட்டதில்லை.

அவள் நிக்கோபாரின் கச்சால் தீவில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள். பதினாறு வயதிலிருந்து அவளும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். 2004 டிசம்பரில் கடல் ஏறி வந்த காலையில், இரண்டரை வயது சங்கவியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பிறகு கப்பல், போர்ட் பிளேரில் முகாம், அங்கிருந்து புரோத்ராபூர். இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் பாக்கு, மிளகுக் கன்றுகளுக்கு மண் பை நிரப்புகிறாள். பண்ணைக்குப் பின்னாலேயே ஒரு வீடு.

கணவன் நாகலிங்கத்துக்குத் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் லஸ்கர் வேலை. கரையோடு சேர்த்துக் கப்பலைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் கையில். கோவில்பட்டிக்காரன். ஒருமுறை போனால் ஐந்தாறு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவான். அந்த டிசம்பரிலும் கடலில்தான் இருந்தான். மனைவியும் மகளும் உயிரோடு இருப்பது பதினொரு நாள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

சங்கவி ஆறாம் வகுப்புக் கணக்கில் வழுக்கி விழுந்து, ஏழாம் வகுப்பிலும் எழாமல் கிடந்தபோது, நாகலிங்கம் ஒரு முடிவோடு வந்தான். கோவில்பட்டியில் அவன் தங்கை அலமு வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது. ராஜகுமாரி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பை விட்டு இறக்காமல் கொண்டுவந்த பிள்ளையை எப்படிக் கப்பல் ஏற்றி அனுப்புவது? அப்போதுதான் இந்தப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டாள். கெஞ்சவில்லை, நச்சரித்தாள். நாகலிங்கம் இறங்கி வந்தான்.

"சரி ராஜி. தீபாவளி வரைக்கும் பாக்குறேன். கணக்குல தேறலன்னா மெயின்லேண்டுதான். அப்புறம் அழக் கூடாது."

"தேறிருவா."

"நீயா எழுதப்போற பரீட்சைய?"

டேப்போடு பஸ்ஸில் வந்த அன்று மாலையே அதை ஆன் செய்தார்கள். ஒரு பெண் குரல், "வணக்கம் சங்கவி" என்றது. ராஜகுமாரி மண் கையோடு ஓடி வந்தாள். குரல் தொடர்ந்து சொன்னது: "உங்க வீட்டுக்கு முன்னால நிறைய மண் பை இருக்கும்னு கேள்விப்பட்டேன். ஒரு வரிசையில எத்தனைன்னு எண்ணிட்டு வா. நான் காத்திருக்கேன்." சங்கவி எண்ண ஓடினாள். ராஜகுமாரி குரலைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் டேப்பின் எதிரே நின்றுகொண்டிருந்தாள். சேர்க்கை நாளில் தான் பேச்சுவாக்கில் சொன்ன மண் பை, சென்னை வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது.

நோட்டை எழுத உட்கார்ந்தபோது மூன்று கட்டங்களையும் ஒருமுறை பார்த்தாள். யோசிக்கவே இல்லை. 'முடிந்தது' என்பதில் கோடு போட்டாள். மேலே 'நன்றாகப் படித்தாள்' என்று எழுதினாள்.

அதற்குக் காரணம் கச்சாலில் இருந்தது. தோட்டத்தில் தினமும் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிவார்கள். பெரட்டு என்று பெயர். முந்தின நாள் வேலை குறைந்தவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கங்காணி அதைச் சத்தமாகச் சொல்லி எழுதுவார், வரிசையே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் மழையில் பால் பிடிக்கும் சிரட்டைகளெல்லாம் தண்ணீர் நிரம்பிப் பால் வீணானது. ராஜகுமாரியின் அம்மா, "ரெண்டு வரிசை வெட்டலங்க" என்று உள்ளதைச் சொன்னாள், அரைப்பேர் விழுந்தது. அவளைவிடக் குறைவாக வெட்டியவர்கள் வாயைத் திறக்காமல் நின்று முழுப்பேர் வாங்கிப் போனார்கள். அன்று முதல் அந்த வீட்டில் ஒரு சட்டம்: பேர் கேட்டால் முழுசாகக் கொடு. முகாமிலும் அவள் அப்படித்தான் செய்தாள். குறை சொன்னவர்களைத் தனியாக நிற்க வைத்தார்கள். எல்லாம் சரி என்றவர்கள் முதலில் உள்ளே போனார்கள்.

ஆக, பச்சை நோட்டு அவளுக்கு ஒரு பெரட்டு. சித்ரா மிஸ் முகம் தெரியாத கங்காணி.

முழுப்பேர் வாங்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பாடம் மேலே மேலே ஏறியது. 'சங்கவி எல்லாவற்றையும் முடித்துவிடுகிறாள், அருமை' என்று சென்னையிலிருந்து சேதி வந்தது. அதை ராஜகுமாரி பண்ணையில் கூட வேலை செய்யும் பேச்சியம்மாவிடம் வாசித்துக் காட்டினாள். அடுத்த கார்டில் இன்னும் கடினமான கணக்கு. செப்டம்பரில் வேகம், தூரம், நேரம் வந்துவிட்டது. வகுப்பு நாட்களில் சங்கவி அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கரையேறிவிடுவாள். வீட்டில் டேப்போடு தனியாக இருக்கும்போது மூழ்கினாள்.

240 மீட்டர் நீளமுள்ள ரயில், நொடிக்கு 20 மீட்டர் வேகம், 360 மீட்டர் நீளமுள்ள பிளாட்பாரத்தை எத்தனை நொடியில் தாண்டும்? சங்கவி 18 என்று போட்டாள். சிவப்பு. மறுநாளும் 18. சிவப்பு.

"அம்மா, பாதின்னு எழுதும்மா."

"வாயை மூடிட்டு மறுபடி போடு."

"எத்தனை தடவ போட்டாலும் பதினெட்டுதாம்மா வருது."

ராஜகுமாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாவது கணக்கு வரைக்கும் பிள்ளையின் முதுகு நிமிர்ந்திருக்கும். நான்காவதில் காலின் கட்டைவிரல் மடங்கும். பிறகு கண் டேப்பில் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தே இன்று எவ்வளவு சொட்டும் என்று சொன்னவளுக்கு இதுவா தெரியாது? தெரிந்தது, நோட்டில் ஏறவில்லை. அங்கே, 'நன்றாகப் படித்தாள்.'

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நாகலிங்கம் கப்பலிலிருந்து நேரே மாடிக்கு வந்தான். திரையில் சித்ரா மிஸ்ஸை முதன்முதலாகப் பார்த்த ராஜகுமாரிக்குப் பெருத்த ஏமாற்றம். கங்காணி போல ஒருவரை எதிர்பார்த்தாள். மூக்குக் கண்ணாடி நழுவ நழுவத் தள்ளிவிட்டுக்கொண்டு, சங்கவிக்கு அக்கா மாதிரி ஒரு பெண் உட்கார்ந்திருந்தது.

"சங்கவி அம்மா, உங்க நோட்டுல எல்லா நாளும் முடிந்ததுன்னு இருக்கு. ஆனா டேப்ல வந்த விடையெல்லாம் பாத்தா அப்படித் தெரியல. வீட்டுல உண்மையில..."

அத்துடன் படம் உறைந்துவிட்டது. சித்ரா மிஸ்ஸின் வாய் திறந்தபடியே நின்றது.

"நெட் போயிடுச்சு" என்றார் இராமகிருஷ்ணன் சார். "ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அப்படியே உக்காருங்க."

அந்த மூன்று நிமிடத்தை ராஜகுமாரி தன் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. எதிரே கேள்வியோடு திறந்த வாய். வலது பக்கம் கணவன், திரும்பி அவளையே பார்க்கிறான். இடது பக்கம் மகள், கட்டைவிரல் மடங்கியிருக்கிறது. 'நெட்டுல ஏதோ கோளாறு மிஸ், விடையெல்லாம் மாறிப் போயிருக்கும்' என்று ஒரு வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம். யாரும் மறுக்க முடியாது. கட்டைவிரலை மறுபடியும் பார்த்தாள்.

வாய் அசைந்தது. படம் உயிர் பெற்றது.

"மிஸ், நான் எழுதினது முழுக்கப் பொய்யி" என்றாள் ராஜகுமாரி. "பாதி நாளு அவ முடிக்கல. நாந்தான் முழுப்பேர் போட்டேன்."

"முழுப்பேர்னா?"

பெரட்டைப் பற்றி, அம்மாவின் அரைப்பேரைப் பற்றி, தீபாவளிக் கெடுவைப் பற்றி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

நாகலிங்கம்தான் முதலில் பேசினான். "அப்போ இத்தன மாசம் என்னையும் சேத்து ஏமாத்தியிருக்க. நான் டிக்கெட்டுக்குச் சொல்லி வெச்சிர்றேன். போதும், முடிஞ்சுது."

"கொஞ்சம் இருங்க சங்கவி அப்பா" என்றது திரை. "கெடு தீபாவளி வரைக்கும்தானே? இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு." சித்ரா மிஸ் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். "அம்மா, நான் கங்காணி இல்ல. எனக்கு உங்க வீட்டுல கண்ணு இல்ல, அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி உக்காந்துட்டு, நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னா நான் அடுத்ததைத்தானே அனுப்புவேன்? பாதின்னு எழுதுங்க, பாதிலேருந்து அனுப்புறேன். கட்டத்தை விடுங்க. பாத்ததை எழுதுங்க. இப்போ அவ எங்க நிக்கிறா, சொல்லுங்க."

"மூணாவது கணக்கு வரைக்கும் நல்லா போவா மிஸ். நாலாவதுல கட்டைவிரலு மடங்கும்."

"என்ன மடங்கும்?"

"கட்டைவிரலு. காலு."

சித்ரா மிஸ் அதை எழுதிக்கொள்வது திரையில் தெரிந்தது. ராஜகுமாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒருத்தி எழுதிக்கொள்கிறாள், தான் சொல்வதை.

அதற்குப் பிறகு நோட்டில் நான்கு வரி போதவில்லை. செவ்வாய்க்கிழமை, ஓரங்களிலும் எழுதினாள். 'தானாகப் படித்தால் நிற்கிறாள். நான் சத்தமாகப் படித்துக் காட்டினால் போடுகிறாள். பசித்தால் கூட்டல் தப்பாகிறது. இன்று பாதி.' வியாழக்கிழமை ஒரு தனித்தாளை ஊசிநூலால் தைத்துச் சேர்த்தாள். இராமகிருஷ்ணன் சார் நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ராஜகுமாரி அம்மா, இதைப் படம் எடுத்து அனுப்பறதுக்குள்ள நம்ம நெட் செத்துடும்."

"சாவட்டும் சார். இன்னொரு தாளு இருக்கு, அதையும் சேத்து அனுப்புங்க."

அடுத்த கார்டில் கணக்குகளைச் சித்ரா மிஸ் தன் குரலிலேயே வாசித்திருந்தார். மூன்று கணக்கு முடிந்ததும் குரல் நின்று, "இப்போ எழுந்து தண்ணி குடிச்சிட்டு வா. கட்டைவிரல் எப்படி இருக்கு?" என்று கேட்டது. சங்கவி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்து நான்காவது கணக்கைப் போட்டாள். ஐந்தாவதையும் போட்டாள். ராஜகுமாரி வாசலில் நின்று பேச்சியம்மாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள், என்ன விஷயம் என்று சொல்லக் கூடப் பொறுமை இல்லாமல்.

ஆனாலும் ஓர் இடத்தில் பிள்ளை நின்றாள். ராஜகுமாரி மூன்று நாள் கவனித்துவிட்டு எழுதினாள்: 'ஆட்டோ வந்தால் போடுகிறாள். படகு வந்தால் போடுகிறாள். ரயில் வந்தால் மட்டும் பதினெட்டு.'

அன்று மாலை மகளிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். "அந்த ரயிலு பிளாட்பாரத்துக்கு வாரதை வரைஞ்சு காட்டு பாக்கலாம்."

சங்கவி கவனமாக வரைந்தாள். பெட்டிகள், ஜன்னல்கள், சக்கரங்கள். பிளாட்பாரத்தில், கப்பலைக் கட்ட ஜெட்டியில் இருப்பது போல, இரும்புக் குமிழ்கள். ரயிலின் முன்னாலும் பின்னாலும் தடித்த கயிறு போட்டு அந்தக் குமிழ்களில் கட்டியிருந்தாள். ஆட்கள் இறங்க ஒரு பலகை.

"முன்பக்கம் வந்ததும் கட்டிருவாங்கள்ல? அப்புறம் எதுக்கும்மா தாண்டணும்? ரயிலோட நீளத்த எதுக்குக் கொடுத்திருக்காங்க?"

ராஜகுமாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அதில் என்ன தப்பு என்று அவளுக்கும் தெரியவில்லை. சினிமாவில் ரயிலைப் பார்த்திருக்கிறாள், பாட்டுக்கு நடுவே ஓடும். அது எப்படி நிற்கும், நின்றால் எதில் கட்டுவார்கள் என்று யார் கண்டார்கள்? அவள் பிறந்ததும் தீவு, வளர்ந்ததும் தீவு. பச்சை நோட்டில் எழுதினாள்: 'படம் இணைத்துள்ளேன். பிள்ளை ரயில் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இது முடியவில்லை.' மூன்றாவது கட்டத்தில் முதன்முறையாகக் கோடு விழுந்தது. எழுதி முடித்ததும் பயத்துக்குப் பதிலாக ஒரு பரபரப்பு வந்தது. முட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கையால் தொட்டுக் காட்டலாம் போல அவ்வளவு தெளிவாக.

வெள்ளிக்கிழமை படம் சென்னைக்குப் போனது. மாலையே இராமகிருஷ்ணன் சார் போன் செய்தார். "மிஸ் கேக்கறாங்க, சங்கவி அப்பா கப்பல் எத்தனை மீட்டர் நீளம், ஜெட்டி எவ்வளவு நீளம்னு. அவர் வந்ததும் கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் நாகலிங்கம் வந்தான். இரண்டு வாரமாக வீட்டில் அவன் பேச்சு சோறு, குழம்பு என்ற அளவிலேயே இருந்தது. நோட்டைப் புரட்டியவன் படத்தில் வந்து நின்றான். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"ஏளா சங்கவி, இதென்ன, ரயிலக் கயித்துல கட்டியிருக்க. நங்கூரம் எங்க, மறந்துட்டியா?"

"சிரிக்காதீங்க" என்றாள் ராஜகுமாரி. "உங்க கப்பல் எத்தன மீட்டருன்னு மிஸ் கேக்குறாங்க."

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. "என் கப்பலையா? எதுக்கு?"

"கணக்குக்கு."

"பிள்ளை கணக்குக்கு என் கப்பலா?" நாகலிங்கம் படத்தை இன்னொரு முறை பார்த்தான். "கோவில்பட்டில ஸ்டேஷனுக்குப் பின்னாலதான் எங்க வீடு. ஒரு நாளைக்கு எத்தன வண்டி போகும்... எம்பிள்ளைக்கு ரயில் தெரியாதுங்கறது எனக்குத் தோணவே இல்ல பாரு." சட்டென்று எழுந்தான். "வாங்க ரெண்டு பேரும் வெளிய."

வீட்டில் அவனுடைய கயிறு ஒன்று கிடந்தது, பத்து மீட்டர் இருக்கும். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சங்கவியிடம் கொடுத்தான். பாக்குக் கன்று வரிசையைக் காட்டினான்.

"இந்தக் கயிறுதான் ரயில். நான் இஞ்சின், நீ கடைசிப் பெட்டி. கன்னு வரிசை பிளாட்பாரம். இந்த வண்டி நிக்காது, நேரா போயிரும். கயிறு தொய்யாம என் வேகத்துக்கே நடந்து வரணும். ராஜி, உன் கையில வாட்ச் இருக்கா?"

நடந்தார்கள். பேச்சியம்மா மண் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினாள்.

"என்னா லஸ்கரே, வடம் புடிக்கிறீங்களாக்கும். தேர் எங்க?"

"தேருக்கு நீங்க ஏறி உக்காருங்கக்கா" என்றான் நாகலிங்கம் நடையை நிறுத்தாமல். வரிசையின் கடைசிக் கன்றைத் தாண்டியதும் கத்தினான்: "நான் தாண்டிட்டேன். ரயில் தாண்டிருச்சா?"

சங்கவி தன் பக்கத்தில் பார்த்தாள். கன்றுகள் இன்னும் முடியவில்லை. இன்னும் பத்து மீட்டருக்குக் கன்றுகள் இருந்தன.

"அப்பா, நீ தாண்டிட்ட. நான் இன்னும் தாண்டல."

"அப்போ?"

அவள் நின்றுவிட்டாள். கயிறு இழுத்தது. மறுபடி நடந்தாள், மெதுவாக, கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு. கடைசிக் கன்றைக் கடந்ததும் கயிற்றைக் கீழே போட்டாள். "ரயிலு நீளமும் சேரணும். பிளாட்பாரம் முன்னூத்தி அறுபது, ரயிலு எரநூத்தி நாப்பது. அறுநூறு. அறுநூறை இருவதால..." வாய் முணுமுணுத்தது. "முப்பது. அம்மா, முப்பது."

டேப்பை எடுக்க ஓடியவள் மண் சட்டியில் இடறி எழுந்து ஓடினாள். உள்ளேயிருந்து பச்சை நிறம் வந்ததற்கான மணியோசை கேட்டது. ராஜகுமாரி வாட்சைப் பார்க்க மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தாள். நாகலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, தனக்குள் பேசுவது போலச் சொன்னான்: "அறுவது மீட்டர். ஜெட்டி நூறு. மிஸ்கிட்டச் சொல்லிரு."

திங்கட்கிழமை கார்டில் அவன் கப்பல் வந்துவிட்டது. அறுபது மீட்டர் கப்பல், நிற்காமல் நூறு மீட்டர் ஜெட்டியைத் தாண்டிப் போனது, நொடிக்கு நான்கு மீட்டர். அடுத்த கணக்கில் எதிரே இன்னொரு கப்பல் வந்தது. 'நாகலிங்கம் கயிற்றை அவிழ்க்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால்' என்று சித்ரா மிஸ் குரல் சொன்னதைச் சங்கவி நான்கு முறை போட்டுக் கேட்டாள். நாகலிங்கம் ஐந்தாவது முறை.

"அஞ்சு நிமிஷமெல்லாம் ஆவாது" என்றான். "மூணு போதும்னு எழுது."

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, மாடியில் பரீட்சை. பத்துக் கணக்கு. இராமகிருஷ்ணன் சார் திருத்தி முடிக்கும் வரை ராஜகுமாரி படிக்கட்டில் இறங்கியும் ஏறியும் கொண்டிருந்தாள். விடைத்தாளை அவர் நாகலிங்கத்திடம் கொடுத்தார். ஆறு சரி.

ஆறு தேர்ச்சியா? கெடு வைத்த நாளில் அதை யாரும் பேசவில்லை. நாகலிங்கம் தவறான நான்கையும் விரலால் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சங்கவி பென்சிலால் பொடியாக எழுதியிருந்தாள். 'இது வரைக்கும் தெரியும்.' 'இதில் நிற்கிறேன்.' 'அம்மா படித்துக் காட்டினால் போடுவேன்.' கடைசியில் வெறுமனே, 'முடியவில்லை.'

"இதெல்லாம் யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. மிஸ் எங்கேருந்து அனுப்பணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

ராஜகுமாரி கணவனின் முகத்தைப் பார்க்காமல் அவன் கையைப் பார்த்தாள். கை சட்டைப் பைக்குள் போனது, போனை எடுத்தது. அலமுவின் எண்ணை அழுத்தியது.

"அலமு, அண்ணன்தான். புள்ள வரல. ஆமா, இங்கயே படிக்கட்டும். ஏ, ஏன் கோவிக்கிற, கேளு முதல்ல. உனக்கு ஒரு வேலை இருக்கு. உன் போன எடுத்துட்டு நம்ம ஸ்டேஷனுக்குப் போ. நிக்காத வண்டி ஒண்ணு போகும்லா, அது பிளாட்பாரத்தத் தாண்டுறதப் படம் புடிச்சு அனுப்பு. இஞ்சின்லேருந்து கடைசிப் பெட்டி வரைக்கும். எதுக்கா? கணக்குக்கு."

படம் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. இராமகிருஷ்ணன் சாரின் போனில் காலை ஒன்பதுக்கு இறங்கத் தொடங்கி மதியம் பன்னிரண்டரைக்கு முடிந்தது. இருபது பிள்ளைகளும் திரையின் முன் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பதினேழு பேர் ரயில் பார்த்ததில்லை. முதலில் அலமுவின் கட்டைவிரல் தெரிந்தது, பிறகு வெறும் தண்டவாளம், பிறகு அலமுவின் குரல், "வருது, வருது, தள்ளி நில்லுங்க." இஞ்சின் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. சத்தத்தில் முன்வரிசை பின்னால் சாய்ந்தது. சங்கவி எழுந்து நின்று சத்தமாக எண்ணினாள், இருபது பேரும் சேர்ந்து எண்ணினார்கள், ராஜகுமாரியும் எண்ணினாள். பெட்டி, பெட்டி, பெட்டி. பதினாறு, பதினேழு, பதினெட்டு.

பத்தொன்பதில் படம் நின்றுவிட்டது. அலமுவின் போனில் இடம் தீர்ந்திருக்கிறது.

"அய்யோ" என்று மாடியே முனகியது.

"கடைசிப் பெட்டி தாண்டல" என்றாள் சங்கவி. "அம்மா, பாதின்னு எழுதும்மா."

ராஜகுமாரி பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை, நோட்டில் எழுத வேண்டிய நாளில்லை. இருந்தாலும் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, 'பாதி' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். பின்னால் நாகலிங்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அலமு, கடைசிப் பெட்டி வரல. நாளைக்கும் ஸ்டேஷனுக்குப் போ."